ஸ்கோர் மைனஸ் 1 என்கிறார்கள், கடன் கிடைக்காதா?

கேள்வி: ஐயா, வணக்கம். மதுரைப் பக்கம் நானும் என் வீட்டுக்காரரும் 14 வருடமாக இட்லி மாவு அரைத்து விற்கிறோம். கடை என் பெயரில் இருக்கிறது. ஒரு நாளைக்கு 3,000 ரூபாய்க்கு வியாபாரம் நடக்கும். அரிசி, உளுந்து, கரண்ட், வாடகை, கவர் எல்லாம் போக 900 ரூபாய் நிற்கும். என் மாமனார் கந்துவட்டியில் வீட்டை இழந்தவர். அதனால் கடனே வேண்டாம் என்று வைராக்கியமாக இருந்துவிட்டோம். வண்டி, டிவி எல்லாம் காசு சேர்த்து வாங்கியதுதான். ஜூன் மாதம் பள்ளிக் கட்டணத்துக்கு அடகுக்கடையில் நகை வைப்பேன், பொங்கலுக்குள் மீட்டுவிடுவேன். மகளிர் குழுவில் ஆறு வருடமாக இருக்கிறேன். இப்போது இரண்டு ஹோட்டல்காரர்கள் தினமும் மாவு கேட்கிறார்கள். பெரிய டில்டிங் கிரைண்டரும் ஒரு பெரிய ஃப்ரிட்ஜும் போட 2.5 லட்சம் வேண்டும். வங்கியில் கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு சிபில் மைனஸ் 1 காட்டுது. ஒரு பைக்காவது இ.எம்.ஐ.யில வாங்கியிருக்கலாமே" என்று அனுப்பிவிட்டார்கள். என் கொழுந்தனார் தனக்கு 780 ஸ்கோர் இருப்பதாகவும், தன் பெயரில் வாங்கித் தருவதாகவும் சொல்கிறார். தண்டல்காரர் ஸ்கோரே கேட்பதில்லை. ஓர் ஏஜென்ட் 5,000 ரூபாய் கொடுத்தால் முத்ரா கடன் முடித்துத் தருகிறேன் என்கிறார். கையில் எட்டுப் பவுன் நகை இருக்கிறது, தை மாதம் ஒரு லட்ச ரூபாய் சீட்டு முடிகிறது. ஜி.எஸ்.டி. பிரச்சினை வரும் என்று பயமுறுத்தியதால் ஜிபே பணம் மட்டும் மகன் கணக்குக்குப் போகிறது. யாரையும் ஏமாற்றாமல் வாழ்ந்தது தப்பா ஐயா?
— வாசகி, மதுரை மாவட்டம்

பதில்:

தப்பில்லை அம்மா. உங்கள் கோபமும் நியாயமானதுதான். ஆனால் உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்த பிறகு எனக்குத் தோன்றுவது வேறு. வங்கிக்காரர் சொன்ன காரணம் ஸ்கோர். அவர் யோசித்த காரணம் அநேகமாக அது இல்லை. கடைசியில் போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்களே, ஜிபே பணம் மகன் கணக்குக்குப் போகிறது என்று, விஷயம் அங்கேதான் இருக்கிறது. அதற்கு அப்புறம் வருகிறேன்.

முதலில் இந்த மைனஸ் 1 என்ன என்று பார்த்துவிடுவோம். வாங்கிய கடனை எப்படிக் கட்டினீர்கள் என்று பார்த்து சிபில் என்ற நிறுவனம் போடும் மதிப்பெண்தான் சிபில் ஸ்கோர். அது 300 முதல் 900 வரை போகும். மைனஸ் 1 இந்த வரிசையிலேயே சேராது. 300-க்கும் கீழே போய்விட்டீர்கள் என்று நினைத்துப் பலர் பதறுகிறார்கள். அப்படி இல்லை. உங்கள் பான் எண்ணைப் போட்டுத் தேடினார்கள், மதிப்பெண் போடும் அளவுக்குக் கடன் விவரம் எதுவும் அகப்படவில்லை, அவ்வளவுதான். கடன் வாங்கிக் கட்டாமல் விட்டவருக்கு 550 என்று வரும். பரீட்சை எழுதித் தோற்றவரும், பரீட்சைக்கே வராதவரும் ஒன்றல்ல. கவுன்ட்டரில் இருக்கும் இளைஞருக்கு இந்த வித்தியாசம் தெரியாமல் போவது உண்டு. மேனேஜருக்குத் தெரியும்.

ஒரு காலத்தில் கிளை மேலாளர் கடைக்கு நேரில் வந்து, பக்கத்து டீக்கடையில் விசாரித்து, சரக்கு எங்கே வாங்குகிறீர்கள் என்று கேட்டுக் கடன் கொடுத்தார். நானும் அப்படிக் கொடுத்தவன்தான். 2000-ல் சிபில் வந்தது, 2005-ல் கடன் தகவல் நிறுவனங்களுக்கென்று சட்டம் வந்தது. இன்றைக்கு சிபில், எக்ஸ்பீரியன், ஈக்விஃபாக்ஸ், கிரிஃப் ஹைமார்க் என்று நான்கு நிறுவனங்கள் இருக்கின்றன. இதனால் லாபமும் உண்டு. மேலாளரின் சொந்தக்காரருக்கும் ஊர்ப் பெரிய மனிதருக்கும் மட்டும் கடன் போன காலம் ஓரளவு மாறியது. நஷ்டம் உங்களைப் போன்றவர்களுக்கு. உங்கள் நாணயம் ஊருக்கே தெரியும், கம்ப்யூட்டருக்குத் தெரியாது.

ஏனென்றால் உங்கள் கடன் வரலாறு எல்லாம் வேறு நோட்டுகளில் கிடக்கிறது. அரிசி மண்டியில் உங்களைப் போன்றவர்களுக்குப் பத்து, பதினைந்து நாள் கடனுக்கு மூட்டை கொடுப்பார்கள். உங்களுக்கும் கொடுத்திருப்பார்கள். அதை ஒழுங்காகக் கட்டியது மண்டிக்காரர் நோட்டில் இருக்கிறது. சீட்டு கட்டியது சீட்டுக்காரர் நோட்டில். கடனே வாங்கியதில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், ஆனால் ஜூனில் நகை வைத்துப் பொங்கலுக்குள் மீட்பதும் கடன்தானே? வருடா வருடம் வாங்கி, வருடா வருடம் தவறாமல் அடைத்திருக்கிறீர்கள். ஆனால் அடகுக்கடைக்காரர் அந்த விவரத்தை நான்கு நிறுவனங்களில் எதற்கும் அனுப்புவதில்லை. அதே நகையை வங்கியில் வைத்திருந்தால் அத்தனை வருடமும் பதிவாகியிருக்கும். வட்டியும் குறைந்திருக்கும். அடகுக்கடையில் இரண்டு வட்டி என்றால் வருடத்துக்கு 24 சதவீதம். வங்கி நகைக்கடனுக்குப் பெரும்பாலும் அதில் பாதிகூட வராது.

அந்த மைனஸ் 1 சிபில் சொன்னதுதான், மற்ற மூன்றும் என்ன சொல்கின்றன என்று நீங்களே பாருங்கள். ரிசர்வ் வங்கி உத்தரவுப்படி நான்கு நிறுவனங்களும் வருடத்துக்கு ஒரு முறை முழு அறிக்கையை இலவசமாகத் தர வேண்டும். அவற்றின் இணையதளங்களுக்கே போய் எடுங்கள். மகனை உட்காரவைத்தால் அரை மணி நேர வேலை. "பார்த்தால் ஸ்கோர் குறையும்" என்று சிலர் சொல்வார்கள். நீங்களே பார்ப்பதால் குறையாது. கடனுக்கு விண்ணப்பித்து வங்கி பார்ப்பதுதான் விசாரணையாகப் பதிவாகும். ஒரே மாதத்தில் ஐந்து இடத்தில் விண்ணப்பித்தால் ஐந்தும் தெரியும். பணத்துக்கு அலைகிறார் போல என்று அடுத்தவர் நினைப்பார். அதனால் கோபத்தில் வங்கி வங்கியாக ஏறாதீர்கள்.

மற்ற மூன்றையும் பார்க்கச் சொல்வதற்கு இன்னொரு காரணம் உங்கள் மகளிர் குழு. குழுவுக்கு வங்கி இணைப்புக் கடன் வந்திருந்தால் உறுப்பினர் வாரியாக விவரம் அனுப்ப வேண்டும் என்பது ரிசர்வ் வங்கியின் ஏற்பாடு. மைக்ரோ ஃபைனான்ஸ் குழுக் கடன்களும் தனித்தனியாகப் பதிவாகின்றன. சிபிலில் வெறுமையாக இருப்பவருக்கு ஹைமார்க்கில் இரண்டு பக்கம் இருப்பதைப் பார்த்திருக்கிறேன். அப்படி இருந்து, நீங்கள் ஒழுங்காகக் கட்டியவர் என்று தெரிந்தால், அந்தத் தாளை எடுத்துக்கொண்டு மேலாளரிடம் போகலாம். தலைகீழாகவும் நடக்கும். குழுவில் உங்கள் பெயரில் யாரோ வாங்கிய கடன் நிலுவையில் நிற்கலாம், உங்கள் பான் எண்ணை எவனோ பயன்படுத்தியிருக்கலாம். அப்படி ஏதும் இருந்தால் அந்த நிறுவனத்தின் இணையதளத்திலேயே திருத்தம் கேளுங்கள். 30 நாளுக்குள் சரி செய்யாவிட்டால் அதற்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் 100 ரூபாய் உங்களுக்கு இழப்பீடு தர வேண்டும் என்ற விதி இப்போது உண்டு.

சரி, மகன் கணக்கு விஷயம்.

உங்கள் விண்ணப்பம் மேலாளர் மேஜைக்கு வருகிறது. ஸ்கோர் இல்லை. அடுத்து அவர் பார்ப்பது உங்கள் கணக்கின் பன்னிரண்டு மாத ஸ்டேட்மென்ட். அதில் என்ன இருக்கும்? கேஸ் மானியம், மகளிர் உரிமைத் தொகை வந்தால் அது, எப்போதாவது நீங்கள் கட்டிய ஐயாயிரம். நாளைக்கு 3,000 என்றால் வருடத்துக்கு 11 லட்சம் ரூபாய்க்கு வியாபாரம் செய்கிறவர் நீங்கள். ஆனால் அந்தத் தாளில் நீங்கள் ஒரு வியாபாரியே இல்லை. ரொக்கம் அரிசி மண்டிக்குப் போய்விட்டது, ஜிபே மகன் கணக்குக்குப் போய்விட்டது. இந்த நிலையில் 2.5 லட்சம் கொடுத்துவிட்டு நாளைக்குத் தணிக்கையில், "எதைப் பார்த்துக் கொடுத்தீர்கள்?" என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை. இவ்வளவையும் உங்களுக்கு விளக்கிக்கொண்டிருக்க அவருக்கு நேரம் இல்லை. "ஸ்கோர் இல்லம்மா" என்று சொன்னால் ஒரே வரியில் வேலை முடிந்தது. எத்தனையோ கிளைகளில் ஸ்கோர் என்பது இப்படித்தான் ஒரு வசதியான பதிலாக ஆகிவிட்டது.

ஜி.எஸ்.டி. பயம் எங்கிருந்து வந்தது என்று தெரிகிறது. 2025 ஜூலையில் கர்நாடக வணிகவரித் துறை யு.பி.ஐ. வரவுகளை வைத்துச் சிறு வியாபாரிகளுக்கு நோட்டீஸ் அனுப்பியது. பெங்களூரில் பல கடைகளில் க்யூ.ஆர். அட்டையை எடுத்துவிட்டு "ரொக்கம் மட்டும்" என்று எழுதி வைத்தார்கள். அந்த வீடியோ வாட்ஸ்அப்பில் ஊர் ஊராகச் சுற்றியது. ஆனால் பொருள் விற்பவருக்கு நம் மாநிலத்தில் ஜி.எஸ்.டி. பதிவு கட்டாயமாவது வருட விற்பனை 40 லட்சத்தைத் தாண்டும்போதுதான். உங்களுடையது 11 லட்சம். இரண்டு ஹோட்டலும் சேர்ந்து வியாபாரம் இரட்டிப்பானாலும் 22 லட்சம்தான். வருமான வரியைப் பொறுத்தவரை, உங்கள் லாபம் வருடத்துக்கு 3 லட்சத்துச் சொச்சம். புதிய வரி முறையில் வரி எதுவும் வராது. வரி இல்லையென்றாலும் கணக்குத் தாக்கல் செய்யுங்கள், அந்தத் தாளைத்தான் வங்கி கேட்கும். சிறு வியாபாரிகளுக்கு விற்பனையில் குறிப்பிட்ட சதவீதத்தை லாபமாகக் காட்டும் எளிய முறை இருக்கிறது. ஆனால் குறைந்தபட்சத்தைக் காட்டாமல் உண்மையான லாபத்தையே காட்டுங்கள். ஒரு லட்சம் லாபம் என்று காட்டினால் அந்த ஒரு லட்சத்துக்குத் தகுந்த கடன்தான் கிடைக்கும். வரிக்காரருக்கு ஒரு கணக்கு, வங்கிக்கு ஒரு கணக்கு என்று நடத்த முடியாது.

மகன் கணக்கில் பணம் விழுவது அவனுக்கும் நல்லதல்ல. படிக்கிற பையன் கணக்கில் வருடத்துக்கு லட்சக்கணக்கில் வரவு இருந்தால் நாளைக்கு அவன்தான் அதற்குப் பதில் சொல்ல வேண்டும்.

அதனால் இந்த வாரமே செய்ய வேண்டியது இதுதான். உங்கள் பெயரில், முடிந்தால் கடைப் பெயரில் ஒரு நடப்புக் கணக்குத் தொடங்குங்கள். சிறு தொழில்களுக்கான உத்யம் பதிவை அரசு இணையதளத்தில் இலவசமாகச் செய்யலாம், ஆதாரும் பானும் போதும். பணம் கேட்கிற இணையதளம் போலி என்று வைத்துக்கொள்ளுங்கள். உணவுப் பொருள் என்பதால் உணவுப் பாதுகாப்புப் பதிவும் வேண்டும். சிறு வியாபாரிக்கு வருடக் கட்டணம் 100 ரூபாய்தான். இதுவரை எடுக்கவில்லை என்றால் கடனுக்காக இல்லாவிட்டாலும் எடுங்கள், ஹோட்டல்காரர்கள் எப்படியும் கேட்பார்கள். கடை மின் இணைப்பு வணிக இணைப்பா என்றும் பாருங்கள். வீட்டு இணைப்பில் கிரைண்டர் ஓடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போன கள ஆய்வு அதிகாரிகள் உண்டு. க்யூ.ஆர். அட்டையைப் புதுக் கணக்குக்கு மாற்றுங்கள். கையில் வரும் ரொக்கத்தை வாரம் இரண்டு முறை அதே கணக்கில் கட்டுங்கள். அரிசி மண்டிக்கு ரொக்கமாகக் கொடுக்காமல் அந்தக் கணக்கிலிருந்தே அனுப்பி, பில் கேட்டு வாங்குங்கள். முடிந்தால் மண்டிக்காரரிடம், இத்தனை வருடமாக இவ்வளவு சரக்கு எடுக்கிறார், பாக்கி இல்லை என்று ஒரு கடிதமும் வாங்குங்கள். சட்டப்படி அதற்குப் பெரிய மதிப்பு இல்லைதான். ஆனால் கடன் கொடுக்க மனமிருக்கிற மேலாளர் கோப்பில் வைக்க ஏதாவது தாள் தேடுவார். ஹோட்டல்காரர்களிடமும், தினமும் இத்தனை கிலோ எடுப்போம் என்று லெட்டர்பேடில் எழுதி வாங்குங்கள். இதெல்லாம் ஆறு மாதம் ஓடினால் உங்கள் ஸ்டேட்மென்ட்டே உங்களுக்காகப் பேசும்.

இந்த ஆறு மாதத்தில் ஸ்கோரும் வந்துவிட வேண்டும். அதற்காகத் தேவையில்லாத கடன் வாங்காதீர்கள். பைக்கை இ.எம்.ஐ.யில் வாங்கியிருக்கலாமே என்று சொன்னது அரைகுறை யோசனை. எப்படியும் ஜூனில் நகை வைக்கத்தான் போகிறீர்கள். அதை வங்கியில் வையுங்கள். எட்டுப் பவுனையும் கொடுக்க வேண்டாம், தேவைக்கு ஏற்ற இரண்டு பவுன் போதும். ஆறு மாதம் போல விவரம் சேர்ந்தால் மதிப்பெண் உருவாகிவிடும். இப்போது வங்கிகள் முன்னைவிட அடிக்கடி விவரம் அனுப்புவதால் சீக்கிரம் ஏறும். நகைக்கடனில் வருட முடிவில் மொத்தமாகக் கட்டும் வகையும் உண்டு, மாதாமாதம் கட்டும் வகையும் உண்டு. நீங்கள் மாதாமாதம் கட்டும் வகையைக் கேளுங்கள். கெடு தாண்டினால் அதுவும் பதிவாகும். முதல் பதிவே தாமதம் என்று விழுந்தால், எதுவும் இல்லாமல் இருந்ததே மேல் என்று ஆகிவிடும்.

இன்னொரு வழி, வைப்புத் தொகையின் பேரில் கொடுக்கும் கிரெடிட் கார்டு. 20,000 ரூபாயை எஃப்.டி.யில் போட்டால் அதில் 75 முதல் 90 சதவீதம் வரை வரம்பு வைத்து ஒரு கார்டு கொடுப்பார்கள். பணம் அவர்களிடமே இருப்பதால் ஸ்கோர் கேட்பதில்லை. எஃப்.டி.க்கு வட்டியும் வந்துகொண்டிருக்கும். மாதம் ஒரு கரண்ட் பில்லை மட்டும் அதில் கட்டி, பில் வந்ததும் முழுத் தொகையையும் அடைத்துவிடுங்கள். "குறைந்தபட்சத் தொகை" என்று ஒன்று போட்டிருப்பார்கள், அதைப் பார்க்கவே பார்க்காதீர்கள். கார்டு வட்டி மாதம் 3 சதவீதத்துக்கு மேல் போகும், கிட்டத்தட்ட உங்கள் மாமனார் கட்டிய வட்டிக்குப் பக்கத்தில் வந்துவிடும். ஏ.டி.எம்.மில் அந்தக் கார்டைப் போட்டுப் பணம் எடுக்கவும் கூடாது. என்னைக் கேட்டால், உங்களுக்கு நகைக்கடன் ஒன்றே போதும். கார்டு வைத்துக் கட்டுப்பாடாக இருக்க முடியும் என்று நீங்கள் நினைத்தால் மட்டும் இதற்குப் போங்கள்.

கொழுந்தனார் நல்ல மனதோடுதான் சொல்கிறார். ஆனாலும் வேண்டாம். அவர் பெயரில் வாங்கி நீங்கள் ஐந்து வருடம் ஒழுங்காகக் கட்டினால் அவர் ஸ்கோர்தான் ஏறும். உங்களுக்கு அப்போதும் மைனஸ் 1 தான். நடுவில் அவர் வீட்டுக் கடனுக்குப் போனால், உங்கள் கிரைண்டர் தவணையை அவர் சம்பளத்தில் கழித்துக்கொண்டுதான் அவருக்கு எவ்வளவு தரலாம் என்று பார்ப்பார்கள். அப்போது அவர் வீட்டில் என்ன பேச்சு வரும் என்று நான் சொல்லத் தேவையில்லை. போதாததற்கு, சொந்தத் தேவைக்கான கடன் என்று வாங்கித் தொழிலுக்குப் போட்டால் வட்டியும் கூடுதல், வங்கியிடம் சொன்ன காரணமும் பொய். உதவ வேண்டும் என்றால் வழி இருக்கிறது. வேறு எதுவும் நடக்காவிட்டால், கடன் உங்கள் பெயரில் இருக்க, அவர் இணை விண்ணப்பதாரராகக் கையெழுத்துப் போடலாம். அப்போது இருவர் பெயரிலும் பதிவாகும். நீங்கள் தவறினால் அவருக்கும் அடி விழும் என்பதைச் சொல்லிவிட்டுக் கேளுங்கள்.

தண்டல்காரர் ஸ்கோர் கேட்பதில்லை, உண்மைதான். அவருக்கு அது தேவையில்லை, தினமும் காலையில் கடை வாசலில் வந்து நிற்பதே அவருக்கு ஸ்கோர். 10,000 என்று எழுதி, ஆயிரத்தைப் பிடித்துக்கொண்டு 9,000 கொடுத்து, நாளைக்கு 100 வீதம் நூறு நாள் வாங்குவார். "நூறு நாளைக்கு ஆயிரம்தானே" என்று தோன்றும். ஆனால் ஐம்பதாவது நாளிலேயே பாதிப் பணம் திரும்பிப் போயிருக்கும். அதைக் கணக்கில் எடுத்தால் வருட வட்டி 77 சதவீதம் வருகிறது. 8,500 கொடுத்தால் 120-ஐத் தாண்டும். மாவு வியாபாரத்தில் இந்த வட்டியைத் தாங்கும் லாபம் கிடையாது. செல்போனில் ஐந்து நிமிடத்தில் கடன் என்று வரும் ஆப்களும் இதே ரகம்தான். ரிசர்வ் வங்கியின் அனுமதி பெற்ற நிறுவனத்தின் ஆப்தானா என்று ரிசர்வ் வங்கி இணையதளத்தில் உள்ள பட்டியலில் பார்க்காமல் எதையும் இறக்காதீர்கள். தொடர்பு எண்களையும் போட்டோக்களையும் கேட்கிற ஆப் என்றால் அந்த நிமிடமே அழித்துவிடுங்கள்.

ஏஜென்ட்டுக்கு ஒரு ரூபாய்கூடக் கொடுக்காதீர்கள். முத்ராவுக்கு ஏஜென்ட் கிடையாது. அது தனியாக ஓர் அலுவலகத்தில் கிடைக்கிற பணமும் இல்லை, உங்கள் வங்கியே கொடுக்கிற கடன்தான். 2015-ல் வந்த திட்டம். 50,000 வரை சிசு, அதற்கு மேல் 5 லட்சம் வரை கிஷோர், அதற்கு மேல் தருண். உங்களுடையது கிஷோர். அடமானம் கேட்கக் கூடாது. கடன் திரும்பி வராமல் போனால் வங்கிக்கு ஏற்படும் நஷ்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்ட உத்தரவாத நிதியும் இருக்கிறது. நேரில் போகத் தயக்கம் என்றால் அரசின் ஜன் சமர்த் இணையதளத்தில் விண்ணப்பிக்கலாம். ஆனால் உங்களுக்கு நேரில் போவதுதான் சரி. புதுக் கணக்கு வைத்திருக்கிற அதே கிளைக்குப் போங்கள்.

எவ்வளவு கேட்பது? 2.5 லட்சம் முழுவதும் கேட்காதீர்கள். தையில் சீட்டுப் பணம் ஒரு லட்சம் வருகிறதே, அதை உங்கள் பங்காகப் போட்டு 1.5 லட்சம் கேளுங்கள். வரலாறு இல்லாதவர் தன் கைக்காசில் பத்துக்கு நான்கு பங்கு போடுகிறார் என்றால் மேலாளர் பார்வையே மாறும். 11 சதவீத வட்டியில் மூன்று வருடத் தவணை என்று வைத்தால் மாதம் 4,900 ரூபாய் வரும். நாளைக்கு 900 என்றால் மாதம் 27,000. இப்போதைய லாபத்திலேயே கட்டிவிடலாம், ஹோட்டல் ஆர்டரை நம்ப வேண்டியதில்லை. அந்த ஆர்டர் இரண்டு மாதம் கழித்து நின்றுபோனாலும் தவணை நிற்காது. புது வியாபாரத்தின் வரவைக் கணக்குப் போட்டுக் கடன் வாங்கித்தான் பலர் சிக்குகிறார்கள்.

ஆறு மாதம் காத்திருக்க ஹோட்டல்காரர் பொறுக்க மாட்டார் என்றால், இப்போதே போய்க் கேட்கவும் உங்களுக்கு உரிமை இருக்கிறது. முதல் முறை கடன் கேட்பவரை, வரலாறு இல்லை என்ற ஒரே காரணத்துக்காகத் திருப்பி அனுப்பக் கூடாது என்று 2025 ஜனவரி 6 தேதியிட்ட ரிசர்வ் வங்கியின் வழிகாட்டுதல் வங்கிகளுக்கு அறிவுறுத்தியது. அதே ஆண்டு நிதித்துறை இணையமைச்சர் மக்களவையில் இதை எடுத்துச் சொன்னார். கடனுக்குக் குறைந்தபட்ச ஸ்கோர் என்று ரிசர்வ் வங்கி எதையும் நிர்ணயிக்கவில்லை என்றும் சொன்னார். இதை வைத்து, "கொடுத்தே ஆக வேண்டும்" என்று வாதாட முடியாது. வருமானம் போதவில்லை, ஸ்டேட்மென்ட் இல்லை என்று வேறு காரணம் சொல்லி மறுக்க வங்கிக்கு இடம் உண்டு. அதனால்தான் முதலில் ஸ்டேட்மென்ட்டைச் சரி செய்யச் சொன்னேன்.

ஒன்றை மட்டும் மாற்றுங்கள். போன முறை வாய்ப்பேச்சில் கேட்டு வாய்ப்பேச்சில் பதில் வாங்கி வந்திருக்கிறீர்கள். அப்படிப் போனால் நீங்கள் கேட்டதற்கே சாட்சி இல்லை. எழுத்தில் விண்ணப்பம் கொடுத்து, தேதி போட்ட ஒப்புகைச் சீட்டு வாங்குங்கள். மறுத்தால் காரணத்தை எழுத்தில் கேளுங்கள், அதைக் கொடுக்க வேண்டியது வங்கியின் கடமை. சண்டை போடுகிற குரலில் கேட்க வேண்டாம், "எழுதிக் கொடுத்தீங்கன்னா அதைச் சரி பண்ணிட்டு வர்றேன் சார்" என்று கேட்டால் போதும். எழுத வேண்டும் என்றதும் பல பேர் கோப்பை மறுபடி திறந்து பார்ப்பார்கள். அப்படியும் நடக்காவிட்டால் மாவட்டத்தில் எல்லா வங்கிகளையும் ஒருங்கிணைக்கும் முன்னோடி வங்கி மேலாளரைப் பாருங்கள். ஆட்சியர் அலுவலகத்தில் திங்கள்கிழமை குறைதீர்க் கூட்டத்தில் மனுக் கொடுத்தாலும் அது பெரும்பாலும் அவரிடம்தான் போய்ச் சேரும். வங்கிக்கே எழுத்தில் புகார் கொடுத்து 30 நாளில் பதில் இல்லை என்றாலோ, பதில் திருப்தியாக இல்லை என்றாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்குக் கட்டணமில்லாமல் புகார் அனுப்பலாம். விவரம் கேட்க 14448 என்ற எண்ணில் அழைக்கலாம்.

கிரைண்டர் கொட்டேஷன் வாங்கும்போது, கோயம்புத்தூர்க் கம்பெனியிலேயே நேராக வாங்கினாலும் சரி, மதுரை டீலரிடம் வாங்கினாலும் சரி, ஜி.எஸ்.டி. எண் போட்ட தாளில் உங்கள் கடைப் பெயருக்கு வாங்குங்கள். இயந்திரத்துக்கான பணத்தை வங்கி பெரும்பாலும் உங்கள் கையில் கொடுக்காது, டீலர் கணக்குக்கே அனுப்பும். அதனால் கடன் ஒப்புதல் கடிதம் கைக்கு வருவதற்கு முன்னால் டீலரிடம் பெரிய முன்பணம் எதுவும் கொடுத்து வைக்காதீர்கள்.